ஒரே சந்தாவுக்குப் பிறகு

2025 ஜனவரி 1ஆம் தேதி முதல் இந்தியாவின் அரசுக் கல்லூரிகளிலும் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி கிடைத்துவருகிறது. முப்பது பெரிய பதிப்பகங்கள் வெளியிடும் சுமார் 13,000 ஆய்விதழ்களை அவர்கள் தனியாகப் பணம் கட்டாமல் படிக்கலாம். ‘ஒரே தேசம் ஒரே சந்தா’ என்று இதற்குப் பெயர். 2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், ஏறக்குறைய 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் இதன் வரம்புக்குள் வருகிறார்கள்.

முன்பு நிலைமை எப்படி இருந்தது என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ் பத்து நூலகக் கூட்டமைப்புகள் தனித்தனியாகச் சந்தா கட்டிக்கொண்டிருந்தன. எதிலும் சேராத கல்லூரிகள் ஏராளம். ஐ.ஐ.டி. விடுதியில் உடனே திறக்கும் கட்டுரை, மாவட்டத் தலைநகரின் அரசுக் கலைக் கல்லூரியில் முப்பது நாற்பது டாலர் கேட்டு நிற்கும். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவருக்கு மின்னஞ்சல் போட்டு பி.டி.எஃப். கேட்டுப் பெற்று முனைவர் பட்டத்தை முடித்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்.

ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் தனித்தனியே போய் நின்றால் விலை கூடும், பேரம் பேசும் வலு குறையும். நாடே ஒரு வாடிக்கையாளராகப் போனால் இரண்டும் மாறும். இந்தத் திட்டத்தின் அடிப்படை அவ்வளவுதான். அந்த அடிப்படையை ஆய்விதழ்களோடு நிறுத்திவிடக் கூடாது என்பதே இங்கே சொல்ல வருவது. படிப்பது ஆய்வின் முதல் படி. அடுத்தடுத்த படிகளுக்கும் பொதுவில் ஓர் அடித்தளம் வேண்டும். இந்தியா அதைத் துண்டு துண்டாகக் கட்டிவைத்திருக்கிறது. துண்டுகள் இன்னும் ஒன்றோடொன்று சேரவில்லை.

‘தேசிய டிஜிட்டல் உள்கட்டமைப்பு’ என்று சொன்னால் யாருக்கும் எதுவும் மனதில் தோன்றாது. ஆகவே ஓர் ஆய்வாளரைக் கற்பனை செய்துகொள்வோம். காவிரிப் படுகையில் ஓர் அரசுக் கல்லூரியில் தாவரவியல் துறையில் அவர் இருக்கிறார். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் என்று நம் பாரம்பரிய நெல் ரகங்களில் நூறைத் திரட்டி, எது உப்பைத் தாங்குகிறது, எது வெள்ளத்தில் நிற்கிறது, அதற்குக் காரணமான மரபணு எது என்று தேடுகிறார். வயலில் செய்ய வேண்டிய வேலையை அவர் செய்துவிடுவார். படுகையில் நெல் ஆராய்ச்சிக்கு நூற்றாண்டு வயது, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இலேயே தொடங்கியது. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது.

நெல்லின் மரபணுத்தொகுதி கிட்டத்தட்ட 39 கோடி எழுத்துகள் நீளம். இயந்திரம் அதை ஒரு முறை வாசித்தால் பிழை வரும் என்பதால் முப்பது முறை வாசிப்பது வழக்கம். அப்படியென்றால் ஒரு ரகத்துக்கே பத்து ஜிபி அளவில் கோப்பு வரும். நூறு ரகத்துக்கு ஒரு டெராபைட். வரிசைப்படுத்தித் தரும் நிறுவனம் அதை ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கூரியரில் அனுப்பும். இணையத்தில் இறக்கிக்கொள்ளலாமே என்றால், நொடிக்குப் பத்து மெகாபிட் வேகம் தடையில்லாமல் கிடைத்தாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். ஒரு கிகாபிட் இணைப்பு இருந்தால் இரண்டே கால் மணி நேரம்.

அந்த ஒரு கிகாபிட் நாட்டில் இல்லாத பொருள் இல்லை. தேசிய அறிவு வலையமைப்பு, சுருக்கமாக என்.கே.என்., 2010 மார்ச்சில் 5,990 கோடி ரூபாய் மதிப்பீட்டில் பத்தாண்டுத் திட்டமாக ஒப்புதல் பெற்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவரும் அணு விஞ்ஞானியுமான ஆர். சிதம்பரம் அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராக இருந்தபோது அதற்காக உழைத்தார். பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக் கூடங்களையும் கிகாபிட் வேகத்தில் இணைத்தது அது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதல் தரவுகளை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் கொல்கத்தா சைக்ளோட்ரான் மையமும் இங்கிருந்தே அலசுகின்றன என்றால் இப்படிப்பட்ட இணைப்புகள்தான் காரணம்.

இதற்கு முன்னோடி எர்நெட் என்ற ஆய்வு வலையமைப்பு. 1986இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் மத்திய மின்னணுத் துறை தொடங்கியது. மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.கள், டெல்லியில் மின்னணுத் துறை என எட்டே இடங்கள். பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. ஒன்பது ஆண்டுகள் முன்பே ஆய்வாளர்களுக்காக இழுத்த கம்பிகளில் நம் பொறியாளர்கள் ஒரு தலைமுறை வேலை பழகினார்கள். ஆய்வுக்காகச் செய்யும் முதலீடு ஆய்வாளர்களோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்தியாவில் கிடைக்காது.

ஆனால் காவிரிப் படுகை ஆய்வாளரின் மேசைக்கு அந்த வேகம் வருவதில்லை. பல்கலைக்கழகத்தின் கணினி மையம் வரை வந்த கண்ணாடி இழை, துறைக் கட்டடத்துக்குள் பழைய சுவிட்சிலும் எலி கடித்த கேபிளிலும் மூச்சுத் திணறுகிறது. இணைவுக் கல்லூரி என்றால் இன்னும் மோசம். அங்கே கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான் கதி. ஓர் இணைப்பின் வேகம் அதன் மிக மெலிந்த இடத்தின் வேகம். வளாகத்துக்குள் இருக்கும் அந்த ஐந்நூறு மீட்டருக்கு யார் செலவு செய்வது என்ற கேள்விக்கு எந்தத் திட்ட ஆவணத்திலும் தெளிவான பதில் இருப்பதில்லை. ஒன்றிய அரசு, அது மாநிலத்தின் பொறுப்பு என்கிறது. மாநிலம், அது பல்கலைக்கழகத்தின் வேலை என்கிறது. பல்கலைக்கழகத்தில் சம்பளம் போடவே நிதி இல்லை.

எப்படியோ தரவு வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அதை அலச வேண்டும். ஒவ்வொரு ரகத்தின் கோடிக்கணக்கான சிறு துண்டுகளையும் எடுத்து, 2005இல் இந்தியாவும் பங்கேற்றுப் படித்து முடித்த நெல்லின் அடிப்படை வரைபடத்தில் எந்தத் துண்டு எங்கே பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். மடிக்கணினியில் இது மாதக்கணக்கில் இழுக்கும். மீத்திறன் கணினியில் ஓரிரு நாள்.

அந்தக் கணினியும் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் ‘பரம் பொருள்’ நிறுவப்பட்டது. 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் போடும். 2015இல் 4,500 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட தேசிய மீத்திறன் கணினி இயக்கத்தின் கீழ் வந்தது அது. 2019இல் வாரணாசி ஐ.ஐ.டி.யில் ‘பரம் சிவாய்’ தொடங்கி, பெங்களூரில் ‘பரம் பிரவேகா’, 2024 செப்டம்பரில் புனே, டெல்லி, கொல்கத்தாவில் மூன்று ‘பரம் ருத்ரா’ என்று ஒரு நல்ல வரிசை இந்தியாவில் உருவாகியிருக்கிறது. 1980களில் அமெரிக்கா க்ரே கணினி தர மறுத்ததும், 1988இல் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நிறுவப்பட்டதும், 1991இல் ‘பரம் 8000’ வந்ததும் நாம் பெருமையோடு சொல்லும் வரலாறு. பெருமை நியாயமானதுதான்.

ஆனால் கணினி இருப்பதும் அதைப் பயன்படுத்த முடிவதும் வேறு வேறு. மீத்திறன் கணினியில் யாரும் நேராகப் போய் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. முதலில் கணக்குத் திறக்க விண்ணப்பம்: வழிகாட்டியின் ஒப்பம், துறைத்தலைவரின் ஒப்பம். பிறகு கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி உள்ளே நுழைய வேண்டும். எத்தனை கோர், எவ்வளவு நினைவகம், எத்தனை மணி நேரம் என்று பத்துப் பன்னிரண்டு வரியில் எழுதிக் கொடுத்தால் வேலை வரிசையில் நிற்கும். கேட்ட நேரத்துக்குள் முடியாவிட்டால் பாதியில் நிறுத்தப்படும். கூடுதலாகக் கேட்டால் வரிசையில் காத்திருப்பு நீளும். தேவையான மென்பொருளின் சரியான பதிப்பு அங்கே இல்லையென்றால் நிறுவித் தரச் சொல்லி எழுத வேண்டும். தற்காலிகச் சேமிப்பில் கிடக்கும் கோப்புகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். தாவரவியல் படித்தவருக்கு இவற்றில் ஒன்றும் பாடத்திட்டத்தில் இல்லை. முதல் பதினைந்து நாளில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர் கிடைத்தால் அவர் பிழைத்துக்கொள்வார். கிடைக்காவிட்டால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

அமெரிக்காவில் 2022 செப்டம்பர் முதல் ‘ஆக்ஸஸ்’ என்றொரு ஏற்பாடு நடக்கிறது. பல பல்கலைக்கழகங்களின் பெரிய கணினிகளை ஒரே வாசல் வழியாகத் திறந்துவிடும் திட்டம். அதன் முதல் படிநிலையில் சிறிய அளவு கணிநேரம் வேண்டுமென்றால் ஆய்வைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினால் போதும். முனைவர் பட்ட மாணவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். பெரிய அளவு கேட்பவர்களுக்குத்தான் விரிவான முன்மொழிவும் நிபுணர் பரிசீலனையும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. யாரை எந்த அளவுக்கு நம்புவது என்ற கொள்கை முடிவுதான் தேவை. இந்திய மீத்திறன் கணினிகள் அனைத்துக்கும் இப்படி ஒரு பொது வாசல் வைத்தால், நாம் ஏற்கெனவே செலவழித்த பணத்தின் பலன் இரட்டிப்பாகும் என்பது எங்கள் கருத்து.

அடையாளச் சிக்கலும் இதோடு சேர்ந்தது. ஒரே ஆய்வாளருக்கு நூலகத்துக்கு ஒரு கடவுச்சொல், கணினிக்கு ஒன்று, தரவு மையத்துக்கு ஒன்று. பல்கலைக்கழக நூலகங்களுக்கான இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் ‘இன்ஃபெட்’, எர்நெட் நடத்தும் ‘எடுரோம்’ ஆகியவை கல்லூரி மின்னஞ்சல் கணக்கையே எங்கும் செல்லும் அனுமதிச் சீட்டாக ஆக்கும் ஏற்பாடுகள். நல்ல ஏற்பாடுகள், எல்லாக் கல்லூரிக்கும் போய்ச் சேர வேண்டும்.

இனி, எல்லோரும் மறந்துவிடும் இடத்துக்கு வருவோம். ஆய்வு முடிந்தது, கட்டுரை வெளிவந்தது, பட்டமும் கிடைத்துவிட்டது. அந்த ஒரு டெராபைட் எங்கே போகிறது?

துறை பீரோவுக்குள். ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளில் மாணவர் பெயரும் ஆண்டும் இருக்கும். ஐந்தாறு ஆண்டில் அது சுழலாது. வழிகாட்டி ஓய்வு பெற்றதும் பீரோவே இடம் மாறும். மக்கள் வரிப்பணத்தில் திரட்டிய தரவு இப்படித்தான் நம் நாட்டில் காணாமல்போகிறது. வெள்ளத்தில் போகவில்லை, தீயில் போகவில்லை. வைக்க ஓர் இடம் இல்லாததால் போகிறது.

நேர்மாறான எடுத்துக்காட்டு நெல்லிலேயே உண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சீன நிறுவனங்களும் சேர்ந்து 89 நாடுகளைச் சேர்ந்த மூவாயிரம் நெல் ரகங்களின் மரபணுத்தொகுதிகளைப் படித்து, 2014இல் உலகுக்கு இலவசமாகத் திறந்துவிட்டன. அந்தத் தரவை வைத்து அதைத் திரட்டியவர்கள் எழுதிய கட்டுரைகளைவிட மற்றவர்கள் எழுதியவை பல மடங்கு. நம் ஆய்வாளரும் தன் நூறு ரகங்களை அந்த மூவாயிரத்தோடு ஒப்பிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். தன் நூறையும் அதே ஒழுங்கோடு உலகுக்குத் தர அவரால் முடிய வேண்டும்.

இந்தியாவில் நீண்ட காலமாக மரபணு ஆய்வாளர்கள் தம் தரவை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உள்ள காப்பகங்களில்தான் சேர்த்துவந்தார்கள். ஆய்விதழ்கள் சேர்ப்பு எண் கேட்கும். அந்த எண்ணைத் தரும் இடம் அப்போது இங்கே இருக்கவில்லை. 2022 நவம்பரில் ஹரியாணாவின் ஃபரீதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையம் தொடங்கியது. நான்கு பெட்டாபைட் கொள்ளளவு. நம் நெல் ஆய்வாளரைப் போன்ற நான்காயிரம் பேருடைய தரவு அங்கே அடங்கும். 2020இல் இருபது நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தின் 10,000 மனித மரபணுத்தொகுதிகள் அங்கே வைக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. மனிதர்களுடைய தரவு என்பதால் யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் தருவார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். தரவைப் பொதுவில் வைப்பது என்றால் வாசலில் கொட்டிவைப்பது என்று அர்த்தமில்லை. யாருக்கு எந்த நிபந்தனையில் தருவது என்ற விதி எழுதப்பட்டு, எல்லோருக்கும் ஒன்றுபோலப் பொருந்த வேண்டும்.

உயிரியலுக்கு இப்படி ஒரு வீடு கிடைத்துவிட்டது. மற்றத் துறைகளுக்கு? தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு ஒன்றுக்காக 15,000க்கும் மேற்பட்ட பானை ஓட்டுக் கீறல்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றுக்கும் சிந்துவெளிக் குறிகளுக்கும் உள்ள ஒப்புமை பற்றி ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் விவாதிக்கப்போகிறார்கள். அந்த விவாதம் உரத்த குரலில் தீராது. ஒவ்வொரு ஓட்டின் படமும், கிடைத்த குழியும், மண்ணடுக்கும் நிலையான ஓர் எண்ணோடு ஓரிடத்தில் இருந்து, கேரளத்திலோ ஃபின்லாந்திலோ இருக்கும் ஒருவர் முதலிலிருந்து சரிபார்த்துப் பார்க்க முடிந்தால்தான் தீரும். கடல் அரிப்பை அளந்தவரின் குறிப்பு, கிராமத்துப் பாட்டியிடம் பதிவுசெய்த ஒப்பாரியின் ஒலிக்கோப்பு, குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் படிவங்கள், ஓலைச்சுவடிப் படங்கள் எல்லாவற்றுக்கும் இதே தேவைதான்.

ஆய்வேடுகளின் விஷயத்தில் இந்தியா இதைச் சாதித்துக் காட்டியிருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் நடத்தும் ‘சோத்கங்கா’வில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் உள்ளன. எல்லா ஆய்வேட்டையும் மின்வடிவில் தர வேண்டும் என்று 2009இல் யு.ஜி.சி. விதி செய்ததால் வந்த பலன். யாரும் எங்கிருந்தும் பணமில்லாமல் படிக்கலாம். ஒரு தமிழ் ஆய்வேட்டைத் திறந்து பாருங்கள்: முகப்பு ஒரு கோப்பு, சான்றிதழ் ஒரு கோப்பு, பொருளடக்கம் ஒன்று, இயலுக்கு ஒன்று என்று எண்ணிட்டு அடுக்கியிருக்கும். ஒழுங்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே தேடினால் பல ஆய்வேடுகளில் ஒரு சொல்லும் கிடைக்காது. சில, தாளை ஸ்கேன் செய்த படங்கள். சில, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். சேமித்தும் பயன்படாத அறிவு அது. இதைச் சரிசெய்வது பெரிய அறிவியல் சவால் அல்ல. எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன, தமிழ் எழுத்துணரிகள் தேறிவிட்டன. பல்கலைக்கழகம் கோப்பை வாங்கும்போதே ஒருங்குறியில் இருந்தால்தான் வாங்குவோம் என்று சொல்லவும், பழையவற்றை மாற்றவும் ஆள் வேண்டும். அவ்வளவே.

ஆள். மேலே சொன்ன எல்லாம் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்.

ஏரி வெட்டி, கால்வாய் எடுத்து, மடையும் கட்டிவிட்டு, நீரைப் பங்கிட்டுப் பாய்ச்சும் நீர்கட்டி ஒருவரை வைக்காத ஊரில் கடைமடை வயல் காயும். நம் ஆய்வு உள்கட்டமைப்பில் நீர்கட்டியின் இடம் காலியாக இருக்கிறது. கணினியைப் பராமரிப்பவர், ஆய்வாளருக்காக நிரல் எழுதுபவர், தரவுக்குப் பெயரும் விவரமும் இட்டு ஒழுங்குபடுத்துபவர் ஆகியோருக்கு நம் பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பணியிடம் அரிது. திட்டம் ஓடும் வரை ஒப்பந்தச் சம்பளம்; திட்டம் முடிந்தால் வீட்டுக்கு. மூன்று ஆண்டில் வேலை பழகியவர் பெங்களூர் நிறுவனம் ஒன்றில் மூன்று மடங்கு சம்பளத்துக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பெயர் ஆய்வுக் கட்டுரையில் வராது, பதவி உயர்வுக்கு வழி கிடையாது, ‘கம்ப்யூட்டர் பையன்’ என்றுதான் துறையில் கூப்பிடுவார்கள்.

பிரிட்டனில் இந்தச் சிக்கலைப் பேசத் தொடங்கியவர்கள் 2012இல் இவர்களுக்கு ‘ஆய்வு மென்பொருள் பொறியாளர்’ என்று பதவிப்பெயர் சூட்டினார்கள். பெயர் வந்ததும் பணியிடம் கேட்க முடிந்தது. பணியிடம் வந்ததும் பதவி உயர்வுப் பாதை வந்தது. இன்று பல நாடுகளில் அவர்களுக்குச் சங்கங்களே இருக்கின்றன. இந்தியாவில் மீத்திறன் கணினி இயக்கம் சென்னை, கரக்பூர், பாலக்காடு, கோவா ஐ.ஐ.டி.களில் பயிற்சி மையங்கள் அமைத்தது. பயிற்சி கொடுப்பது நல்லது. பயிற்சி பெற்றவர் உட்கார ஒரு நாற்காலியும் வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் நிதி ஒதுக்கீட்டு முறை வாங்குவதற்கு ஏற்றது, வைத்து நடத்துவதற்கு ஏற்றதல்ல. டெண்டர் விடலாம், திறப்பு விழா நடத்தலாம், மார்ச் மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கலாம். மின்கட்டணம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், குளிரூட்டி, ஐந்தாறு ஆண்டில் பழசாகும் இயந்திரத்துக்கு மாற்று ஆகியவை எந்தத் தலைப்பிலும் அடங்காமல் நிற்கும். ஜெர்மனி 2018இல் தன் தேசிய ஆய்வுத் தரவுக் கட்டமைப்பைத் தொடங்க முடிவெடுத்தபோது, ஆண்டுக்கு 9 கோடி யூரோ வரை, பத்தாண்டுகளுக்கு என்று ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. துறை வாரியாக ஆய்வாளர்களே கூட்டமைப்பாகி அதை நடத்துகிறார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி போவது மனிதர்களுக்கான சம்பளத்துக்கு. நம் கண்ணுக்கு அது செலவு; அவர்களுக்கு அதுதான் கட்டமைப்பு.

தனியார் நிறுவனங்களின் கிளவுட் சேவையை வாடகைக்கு எடுத்துக்கொண்டால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. அவசரத்துக்கும் சிறு வேலைக்கும் எடுக்கலாம். 2024இல் 10,372 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கம் தனியாரிடம் உள்ள ஜி.பி.யூ.க்களைத்தான் மானிய விலையில் ஆய்வாளர்களுக்கும் புதுநிறுவனங்களுக்கும் தருகிறது, பயனுள்ள வழி. ஆனால் கிளவுடில் தரவை உள்ளே வைப்பது மலிவு, வெளியே எடுக்கும்போது ஜிபி கணக்கில் கட்டணம். முப்பது ஆண்டு பாதுகாக்க வேண்டிய தரவை மாத வாடகையில் வைத்தால், வாடகை நின்ற மாதம் தரவும் போகும். வாடகைக் கணினி, பொதுவான சேமிப்பு என்ற கலப்பே பொருத்தம் என்று தோன்றுகிறது.

பொதுவான ஒன்றைக் கட்டிவைத்தவர்களுக்கு எதிர்பாராத வேளையில் பலன் கிடைத்ததற்கு அண்டை நாடே சான்று. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பு 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறியதாகத் தொடங்கியது. 2020இல் பெருந்தொற்று வந்து பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, ஜூம் வகுப்புகளைத் தன் வலையமைப்பு வழியாகவே நடத்த அது வழிசெய்தது. தொலைபேசி நிறுவனங்கள் டேட்டா கட்டணம் இல்லாமல் மாணவர்களை உள்ளே விட்டன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்த மாணவர்கள் ரீசார்ஜ் கவலை இல்லாமல் வகுப்பில் உட்கார முடிந்தது. வளம் குறைந்த நாடு அது. அன்று அதற்குக் கைகொடுத்தது, நெருக்கடி வருமுன்பே கட்டிவைத்த ஒரு பொது அமைப்பு.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி அக்கறை உண்டு. ஒரே சந்தாத் திட்டத்தின் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். இங்கே பொறியியல் ஆய்வாளர்களில் மிகப் பலர் சுயநிதிக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர்கள் 2.12 லட்சம் பேர். ஏழு ஆண்டுக்கு முன்பு 1.17 லட்சம். எண்ணிக்கை கூடிய வேகத்தில் அவர்களுக்கான வசதி கூடவில்லை.

ஒன்றிய அரசு செய்ய வேண்டியதை மேலே சொல்லிவிட்டோம். அதற்காகக் காத்திருக்காமல் மாநில அரசு இந்த ஆண்டே தொடங்கக்கூடியவை உண்டு. ஒவ்வோர் அரசுப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வுத் தரவுக்கும் கணிமைக்கும் இரண்டிரண்டு நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கலாம். இணைவுக் கல்லூரி ஆய்வாளர்களுக்கு உதவுவதும் அவர்கள் பணி என்று ஆணையிலேயே எழுத வேண்டும். வளாகத்துக்குள் இருக்கும் அந்த ஐந்நூறு மீட்டர் கேபிளுக்குத் தனித் தலைப்பில் நிதி தரலாம். இனி ஆய்வேடுகள் ஒருங்குறியில்தான் வாங்கப்படும் என்று துணைவேந்தர்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்குச் செலவே கிடையாது.

இதைப் படிப்பவர் ஆய்வாளராக இருந்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரி ஒரே சந்தாவில் பதிவாகியிருக்கிறதா என்று நூலகரிடம் நாளைக்கே கேளுங்கள். திருச்சிக் கணினியில் கணக்குத் திறக்க என்ன வழி என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். கேட்பவர்கள் இல்லை என்ற காரணத்தைச் சொல்லித்தான் இதுவரை பல கதவுகள் மூடியே கிடந்திருக்கின்றன.